பெண் தலைவரைத் திட்டும்போது மட்டும் ஏன் 'நடத்தை' வருகிறது?

கரிசல்மண் எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒருவர் ஒரு படம் போட்டார். ஒரு பெண் அமைச்சரின் முகத்தை வேறோர் உடம்பில் ஒட்டி, கீழே இரண்டு வரி. அந்த வரிகளை இங்கே எழுத மாட்டேன். அவருடைய துறையில் என்ன குறை, எந்தத் திட்டத்தில் தப்பு என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. "இது என்ன சித்தப்பா?" என்று கேட்டேன். "ஆம்பளை மந்திரியையும்தான் திட்டுகிறோம். பொம்பளை என்று தனிச்சலுகை கேட்கிறாயா? சமத்துவம் என்றால் திட்டு வாங்குவதிலும் சமத்துவம்தான்" என்றார். பத்துப் பேர் கைதட்டினார்கள். அத்தை ஒருவர் மட்டும் தனியாக போன் போட்டு, "விடும்மா, அவங்ககிட்ட எதுக்கு வாயைக் கொடுக்கிறே" என்றார்.

சித்தப்பாவின் அந்த வாதத்தைத்தான் இங்கே வைக்கிறேன். ஒரு பெண் அரசியல்வாதியை அவர் பெண் என்பதை வைத்துத் திட்டுவது மற்ற அரசியல் வசைகளைப் போன்றதுதானா? இல்லை என்பது என் பதில். அது வேறு வகை வசை. அதைப் பால் பாகுபாடு என்று பெயர் சொல்லியே அழைக்க வேண்டும்.

நான் ஒரு சின்னச் சோதனை செய்வேன். திட்டும் சொல்லுக்கு ஆண்பால் இருக்கிறதா என்று தேடுவேன். பொய்யர், துரோகி, ஊழல் பேர்வழி, சர்வாதிகாரி: இவையெல்லாம் இரு பாலுக்கும் பொது. 'வாழாவெட்டி'க்கு ஆண்பால் என்ன? 'அறுதலி'க்கு? புருஷனை இழந்தவளைத் திட்ட ஊருக்கு ஊர் சொல் இருக்கிறது. மனைவியை இழந்தவனுக்கு 'தபுதாரன்' என்று அகராதியில் ஒரு சொல் கிடக்கிறது. அதைச் சொல்லி யாரும் யாரையும் திட்டிக் கேட்டதில்லை.

இது ஏதோ வாட்ஸ்அப் சித்தப்பாக்களின் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். 2019 தேர்தலில் உத்தரப் பிரதேசத்தின் ராம்பூரில் பாஜக வேட்பாளர் ஜெயப்பிரதாவை மனதில் வைத்து அவருடைய உள்ளாடை நிறம் பற்றி சமாஜ்வாதி கட்சியின் ஆசம் கான் மேடையில் பேசினார். தேர்தல் ஆணையம் 72 மணி நேரம் பிரசாரத்துக்குத் தடை போட்டது. 2024 தேர்தலில் ஹேமமாலினியைப் பற்றிப் பேசியதற்காக காங்கிரஸின் ரண்தீப் சுர்ஜேவாலாவுக்கு 48 மணி நேரம். அதே தேர்தலில் மம்தா பானர்ஜியின் 'விலை என்ன' என்று கேட்ட பாஜக வேட்பாளர் அபிஜித் கங்கோபாத்யாய்க்கு 24 மணி நேரம். இந்தக் கடைசி ஆள் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். இத்தனை படித்தவருக்கும் எதிர்க்கட்சி முதலமைச்சரைத் தாக்க வேண்டும் என்று வந்ததும் கைக்கு முதலில் கிடைத்தது அந்தச் சொல்தான்.

திண்ணைப்பேச்சு எழுதியது:

கரிசல்மண், உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் நான் ஐம்பது வருடமாகத் தமிழ்நாட்டு மேடைப் பேச்சு கேட்டு வருகிறவன். இங்கே யாரை விட்டார்கள் சொல்லுங்கள். எம்.ஜி.ஆரைக் கூத்தாடி என்றார்கள், மலையாளி என்றார்கள். அவர் அதையெல்லாம் தாங்கிக்கொண்டுதான் முதலமைச்சரானார். கலைஞரின் சாதியைச் சொன்னார்கள், வயதைச் சொன்னார்கள், அவர் சக்கர நாற்காலியைக்கூட விடவில்லை. விஜயகாந்த் மேடையில் தடுமாறினால் போதும், உடனே குடியைப் பற்றிப் பேச்சு. அவரும் அத்தனையையும் கேட்டுக்கொண்டுதான் எதிர்க்கட்சித் தலைவராக உட்கார்ந்தார்.

ஜெயலலிதாவையும் திட்டினார்கள். ஆனால் அந்தம்மா என்ன சும்மாவா இருந்தது? எதிராளியைப் பேச்சில் கிழித்தெறிந்தது. கட்சிக்காரர்களைக் காலில் விழ வைத்தது. உரலில் தலையைக் கொடுத்துவிட்டு உலக்கைக்குப் பயந்தால் ஆகுமா?

ஆண்பால் இல்லாத வசை என்கிறீர்கள். 'பொறுக்கி'க்குப் பெண்பால் என்ன? 'கையாலாகாதவன்' என்று எத்தனை ஆண்களைச் சொல்கிறார்கள்? அரசியல் வசை அழுக்குதான். அந்த அழுக்கு எல்லார் மேலும் தெறிக்கிறது. பெண்ணுக்கு மட்டும் தனிக்கணக்கு எழுதினால், பெண்கள் அரசியலுக்குத் தாங்க மாட்டார்கள் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

கரிசல்மண் எழுதியது:

ஐயா, நேர்மையான கேள்வி. 'பொறுக்கி' என்பது ஒருவன் செய்த காரியத்தைச் சொல்கிறது. தெருவில் வம்பு செய்தால் பொறுக்கி, செய்யாவிட்டால் இல்லை. 'வாழாவெட்டி' ஒரு காரியத்தையும் சொல்லவில்லை. புருஷனோடு இல்லை என்பதையே குற்றமாக்குகிறது.

எம்.ஜி.ஆர் விஷயத்துக்கே வருவோம். கூத்தாடி என்றால் 'நடிக்கத் தெரியும், ஆளத் தெரியாது' என்று பொருள். சரியோ தப்போ, அதில் ஆட்சியைப் பற்றி ஒரு பேச்சு இருக்கிறது. அதே சினிமாவிலிருந்து வந்த ஜெயலலிதாவை 'நடிகை' என்றபோது அதே பொருளிலா சொன்னார்கள்? நீங்களே மேடை முன்னால் உட்கார்ந்து கேட்டவர். அந்தச் சொல்லைச் சொல்லும்போது பேச்சாளர் குரலை எப்படி இழுப்பார், கூட்டம் எதற்குச் சிரிக்கும் என்று உங்களுக்கு நினைவிருக்கும். ஒரே தொழில், ஒரே மேடை. ஆணுக்குத் திறமையைப் பற்றிய சந்தேகம், பெண்ணுக்குப் படுக்கையறையைப் பற்றிய சந்தேகம்.

'கையாலாகாதவன்' பற்றி. ஓர் ஆண் தலைவரை மிகக் கேவலமாகச் சொல்ல வேண்டும் என்றால் நம் ஊரில் என்ன செய்கிறார்கள்? வளையலும் புடவையும் தபாலில் அனுப்புகிறார்கள். 'வளையல் போட்டுக்கொள்' என்கிறார்கள். மகளிர் அணியே வளையலோடு போராட்டத்துக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன், அதைப் பார்த்தால்தான் எனக்கு அழுகை வரும். ஆணுக்கு விழும் கடைசி அடி 'நீ பெண்' என்பது. பெண்ணுக்கு விழும் கடைசி அடியும் 'நீ பெண்' என்பதுதான். இதை எல்லார் மேலும் சமமாகத் தெறிக்கும் அழுக்கு என்று எப்படிச் சொல்வது?

ஈரோட்டுக்காரன் எழுதியது:

நான் திமுக அனுதாபி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்ததாக எழுத வேண்டாம்.

2021 தேர்தல் நேரம். ஆ. ராசா ஆயிரம் விளக்கில் பேசினார். ஸ்டாலினின் அரசியல் வளர்ச்சியை முறையாகப் பிறந்த குழந்தையோடும், எடப்பாடி பழனிசாமியின் வளர்ச்சியைக் கள்ள உறவில் பிறந்த குறைப்பிரசவக் குழந்தையோடும் ஒப்பிட்டார். பழனிசாமி தன் தாயை நினைத்து மேடையில் கண் கலங்கினார். ராசா வருத்தம் தெரிவித்தார். ஏப்ரல் 1ஆம் தேதி தேர்தல் ஆணையம் அவருக்கு 48 மணி நேரம் பிரசாரத் தடை விதித்து, நட்சத்திரப் பேச்சாளர் பட்டியலிலிருந்தும் எடுத்தது. அந்த வாரம் முழுக்க நான் டீக்கடையில் "அது உவமை அய்யா, உவமை" என்று வாதாடிக்கொண்டிருந்தேன்.

இப்போது அப்படி வாதாட மாட்டேன். உவமைதான். ஆனால் இரண்டு ஆண்களின் அரசியல் பாதையை ஒப்பிட எதற்கு ஒரு தாயின் கற்பு தேவைப்பட்டது? அந்தத் தாய் தேர்தலில் நிற்கவில்லை. நமக்கு ஆணைத் திட்டுவதற்கும் ஒரு பெண் வழியாகத்தான் போகத் தெரிகிறது. 2018இல் எச். ராஜா கனிமொழியின் பிறப்பைக் குறிவைத்து ட்வீட் போட்டபோது கொதித்தவன் நான். அப்போது எனக்கு வலித்தது என்றால், 2021இல் அடுத்தவனுக்கும் அதே இடத்தில்தான் வலித்திருக்கும்.

எங்கள் பக்கம் இன்னொன்றும் நடந்தது. 2022 அக்டோபரில் சென்னையில் ஒரு கட்சிப் பேச்சாளர் குஷ்பு உள்ளிட்ட பாஜக பெண்களைப் பற்றிக் கேவலமாகப் பேசினார். கனிமொழி ஒரு பெண்ணாகவும் மனுஷியாகவும் மன்னிப்புக் கேட்பதாகப் பொதுவெளியில் எழுதினார். கட்சி பார்க்கவில்லை, யார் பேசியது என்று பார்க்கவில்லை. இத்தனை வருடத்தில் நான் பார்த்த அரசியலில் எனக்குப் பெருமையாக இருந்த விஷயங்களில் அது ஒன்று.

திண்ணைப்பேச்சு எழுதியது:

ஈரோட்டுக்காரரே, ஊரை எல்லாம் சொன்னீர்கள், 1989 மார்ச் 25 சட்டமன்றத்தைச் சொல்லவில்லையே?

ஈரோட்டுக்காரன் எழுதியது:

சொல்லாமல் விட்டதற்குக் காரணம் இருக்கிறது. அன்று பட்ஜெட் நாள். கலைஞர் முதலமைச்சர், ஜெயலலிதா எதிர்க்கட்சித் தலைவர், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். அவையில் கைகலப்பு நடந்தது, அவர் கலைந்த தலையோடு வெளியே வந்தார். சேலையை இழுத்தார்கள் என்று அவர் சொன்னார், இல்லவே இல்லை என்று எங்கள் கட்சி சொன்னது. 2023 ஆகஸ்டில் நிர்மலா சீதாராமன் மக்களவையில் அதை எடுத்தபோதும் அதே இரண்டு கதைகள்தான் மோதின. நான் அவையில் இல்லை, நீங்களும் இல்லை. இந்த இழையில் அதைத் தீர்த்துவைக்க முடியாது.

ஒன்று மட்டும் சொல்கிறேன், என் கட்சிக்காரர்கள் கோபித்தாலும் பரவாயில்லை. அதற்குப் பிறகு பல மேடைகளில் அந்தச் சம்பவத்தைச் சொல்லி எங்கள் ஆட்கள் சிரித்ததைக் கேட்டிருக்கிறேன். நடக்கவே இல்லை என்று நம்புகிறவன் எதற்குச் சிரிக்க வேண்டும்?

செங்காந்தள் எழுதியது:

வழக்கறிஞர் என்ற முறையில் சட்டப் பக்கத்தைச் சொல்கிறேன்.

தேர்தல் நடத்தை விதிகளில் ஒரு வரி உண்டு: தலைவர்களின் பொதுவாழ்வோடு சம்பந்தமில்லாத சொந்த வாழ்க்கையை விமர்சிக்கக் கூடாது. கரிசல்மண் சொன்ன ஆண்பால் சோதனையைவிட எனக்கு இந்த வரி பிடிக்கும். ஜெயலலிதாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1995இல் வளர்ப்பு மகன் கல்யாணத்தை நடத்திய விதம், அமைச்சர்கள் காலில் விழுந்தது, 2014 செப்டம்பரில் சொத்துக்குவிப்பு வழக்கில் நான்கு ஆண்டு சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்த பெங்களூரு தீர்ப்பு: இவற்றை எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் பேசலாம். நான் பேசியிருக்கிறேன். கடுமை ஒரு குற்றம் இல்லை. ஒரு பெண்ணை மென்மையாக விமர்சிக்க வேண்டும் என்று இங்கே யாரும் கேட்கவில்லை, திண்ணை ஐயா. அவருடைய வேலையைப் பிடித்து விமர்சியுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

சொல்லாலோ சைகையாலோ ஒரு பெண்ணின் மானத்தை அவமதிப்பதைக் குற்றமாக்குவது தண்டனைச் சட்டத்தில் பழைய 509ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 79. தமிழ்நாட்டில் தனியாக 1998ஆம் வருடத்துப் பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டமும் இருக்கிறது. சட்டமன்றத்துக்குள் பேசினால் உரிமைப் பாதுகாப்பு, வழக்குப் போட முடியாது. அதிகபட்சம் அவைக்குறிப்பிலிருந்து நீக்குவார்கள்.

இந்தச் சட்டங்களில் எனக்கு ஒரு குறை உண்டு. அவை காப்பாற்றுவதாகச் சொல்வது பெண்ணின் 'நாணத்தை', 'மானத்தை'. ராசா மீதான உத்தரவிலும் தாய்மையின் கண்ணியம் குலைந்ததாகத்தான் ஆணையம் எழுதியது. தாயாக இல்லாத பெண்ணுக்கு என்ன கண்ணியம்? ஒரு சட்டமன்ற உறுப்பினரை 'விலை' கேட்டுத் திட்டும்போது, தொகுதிக்காகப் பேசும் அவருடைய உரிமை அடிபடுகிறது. வாக்களித்தவர்களின் குரல் அடிபடுகிறது. அதைச் சொல்ல நம் சட்டத்தில் இன்னும் சொல் இல்லை.

2019 தேர்தலை ஒட்டிய மூன்று மாதங்களில் 95 பெண் அரசியல்வாதிகளைக் குறிப்பிட்ட 1,14,716 ட்வீட்டுகளை அம்னெஸ்டி இந்தியா ஆராய்ந்தது. ஏழில் ஒன்று வசையாகவோ ஏறக்குறைய வசையாகவோ இருந்தது. முஸ்லிம் பெண்களுக்கு மதத்தைச் சொல்லியும், ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களுக்குச் சாதியைச் சொல்லியும் கூடுதலாக விழுந்தது. சமத்துவம் என்று சொல்லும் சித்தப்பாவிடம் இதைக் காட்டுங்கள்.

மெல்பர்ன்வாசி எழுதியது:

இங்கே ஆஸ்திரேலியாவில் ஜூலியா கில்லார்ட் பிரதமராக இருந்த 2010 முதல் 2013 வரை நான் புதிதாக வந்திறங்கியவன். 'சூனியக்காரியை விரட்டு' என்று எழுதிய அட்டைகளுக்கு முன்னால் எதிர்க்கட்சித் தலைவர் டோனி அபட் நின்று பேசினார். கில்லார்ட் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, குழந்தை இல்லை. பிரதமராவதற்கு முன்பே, 2007இல், ஒரு செனட்டர் அவரை 'வேண்டுமென்றே மலடியாக இருப்பவர்' என்ற பொருளில் பேசி, பிறகு மன்னிப்புக் கேட்டார். அவர் வீட்டுச் சமையலறைப் படத்தில் பழக்கிண்ணம் காலியாக இருந்ததைக்கூடப் பத்திரிகைகள் பேசின. நம் 'மலடி' கடல் கடந்து வேறு பாஷையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மலைத்துப்போனேன்.

2012 அக்டோபர் 9ஆம் தேதி அவர் நாடாளுமன்றத்தில் அபட்டைப் பார்த்துப் பேசிய 15 நிமிடப் பேச்சு உலகம் முழுக்கப் போனது. பெண் வெறுப்பு என்ற சொல்லுக்கு இங்குள்ள மக்வாரி அகராதி தன் விளக்கத்தையே விரித்து எழுதியது. ஆனால் செங்காந்தள் சொன்னதற்கு நல்ல உதாரணம் ஒன்று அதே நாளில் இருக்கிறது. ஒற்றைப் பெற்றோருக்கான உதவித்தொகையைக் குறைக்கும் அவருடைய அரசின் மசோதா அன்றுதான் செனட்டில் நிறைவேறியது. தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்கள் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் நியாயமானது. அதில் சூனியக்காரியும் இல்லை, மலடியும் இல்லை. எத்தனை டாலர் குறைகிறது என்று கணக்கு இருந்தது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

சொல்லைப் பற்றிப் பேசுகிறீர்கள். நானும் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்கிறேன். பெண் அரசியல்வாதிகளின் பக்கங்களுக்குக் கீழே அதிகம் விழும் தமிழ் வசை எதுவென்று எல்லோருக்கும் தெரியும். அதன் பழைய வடிவம் 'தேவரடியார்'. இறைவனின் அடியார். கல்வெட்டுகளில் அவர்கள் கோயிலுக்கு விளக்கும் நிலமும் கொடுத்தவர்களாக வருகிறார்கள். ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொண்டுவந்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயில் பணிப் பெண்களின்) பெயர்களை ஒவ்வொன்றாகக் கல்லில் வெட்டிவைத்தான். அவர்களுக்கு வீடும் பங்கு நெல்லும் உண்டு.

'ஆர்' என்ற மரியாதை விகுதி உதிர்ந்து 'ஆள்' ஆனது. மரியாதை போன இடத்தில் வசை குடியேறியது. தேவதாசி முறை என்ற அந்த அமைப்பு பிற்காலத்தில் பெண்களைச் சீரழித்தது உண்மை, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் சீரழித்த மிராசுதார்களைச் சொல்ல ஒரு வசை பிறக்கவில்லை. சீரழிந்தவளின் பெயர்தான் வசையானது.

அந்த முறையை ஒழிக்கப் போராடியவர்களும் அரசியல் பெண்கள்தான். முத்துலட்சுமி ரெட்டி சென்னை சட்ட மேலவையில் முதல் பெண் உறுப்பினர். அவர் தாய் அந்தப் பின்னணியிலிருந்து வந்தவர். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அதே சமூகத்தில் பிறந்து, ஊர் ஊராகப் போய் மேடையேறினார். அவர் பேசிக்கொண்டிருந்தபோது எதிரிகள் கூந்தலை அறுத்ததாகவும் அதற்குப் பிறகு அவர் கிராப்பு வெட்டிக்கொண்டதாகவும் சொல்வார்கள். 1947இல் சட்டம் வந்தது. முறை போய்விட்டது, வசை போகவில்லை. இன்று ஒரு பெண் வேட்பாளரை அந்தச் சொல்லால் திட்டுகிறவன், அவர்கள் இருவரும் எந்தச் சேற்றிலிருந்து பெண்களைத் தூக்க முயன்றார்களோ அதே சேற்றை அள்ளி வீசுகிறான்.

திண்ணைப்பேச்சு எழுதியது:

ஏட்டுச்சுவடி சொன்னது எனக்குப் புது விஷயம். யோசிக்கிறேன். ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி. பெண்களே பெண்களை இப்படித் திட்டுகிறார்களே, அதுவும் பால் பாகுபாடுதானா?

செங்காந்தள் எழுதியது:

ஆமாம் ஐயா. 2024 மார்ச்சில் கங்கனா ரணாவத் மண்டி தொகுதி வேட்பாளரானதும் காங்கிரஸின் சுப்ரியா ஸ்ரீநேத் கணக்கிலிருந்து அவருக்கு 'ரேட்' கேட்டு ஒரு பதிவு வந்தது. தான் போடவில்லை, கணக்கைப் பயன்படுத்தும் வேறு யாரோ போட்டார்கள் என்று அவர் சொன்னார்; நீக்கினார்; ஆணையம் கண்டித்தது. விரல் யாருடையதாக இருந்தாலும் சொல் அதே சொல்தான்.

இதைவிடக் கசப்பானது உத்தரப் பிரதேசத்தில் நடந்தது. 2016 ஜூலையில் தயாசங்கர் சிங் என்ற பாஜக தலைவர் மாயாவதியை வேசியோடு ஒப்பிட்டார். கட்சி நீக்கியது. மாயாவதிக்கு ஆதரவாக லக்னோவில் கூடிய கூட்டம் என்ன கோஷம் போட்டது தெரியுமா? தயாசங்கரின் மனைவியையும் சின்ன வயது மகளையும் இழுத்துப் போட்டது. திட்டியவன் ஆண், அடி விழுந்தது அவன் வீட்டுப் பெண்களுக்கு. அந்த மனைவி சுவாதி சிங் எதிர்த்து நின்றார், 2017இல் ஜெயித்து அமைச்சரானார். தயாசங்கரைக் கட்சி திரும்பச் சேர்த்துக்கொண்டது. 2022இல் அவரும் அமைச்சரானார். மாயாவதி தன் ஆட்சியில் வைத்த சிலைகளுக்கு எவ்வளவு செலவானது என்ற கேள்வி நியாயமான கேள்வி. அந்த ஒரு வாரத்தில் அதைக் கேட்க ஒருவருக்கும் நேரம் இல்லை.

கண்மாய்க்கரை எழுதியது:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பேசுவதெல்லாம் பெரிய பெரிய பெயர்கள். அவர்களுக்கு வழக்கறிஞர் உண்டு, கட்சி உண்டு, டிவி உண்டு. எங்கள் அம்மா ஊராட்சி மன்றத் தலைவராக இருந்தார். 2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்து 2025 ஜனவரி வரை. மாவட்டம் வேண்டாம்.

தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் வந்ததே, அதில் எங்கள் ஊர் பெண்கள் ஊராட்சியானது. எட்டாவது படித்த அம்மாவை அப்பாதான் நிற்க வைத்தார். முதல் வருடம் பூரா அப்பாவைத்தான் ஊரே பிரசிடெண்டு என்றது. அம்மா கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். அதுவரை அம்மாவைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. 'தங்கமான பொம்பளை' என்றார்கள்.

இரண்டாவது வருடம் அம்மா பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸுக்குத் தானாகப் போக ஆரம்பித்தார். நூறு நாள் வேலை அட்டையில் வேலைக்கே வராத பெயர்கள் இருப்பதைக் கண்டுபிடித்தார். பிறகு ஒரு போர்வெல் பில். ஆழம் ஒன்று, பில்லில் எழுதியது ஒன்று. எங்கள் ஊரில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும். துணைத் தலைவர் போட்டுவிட்டார், அம்மா போடவில்லை. அக்டோபர் 2 கிராம சபையில் அந்தப் பில்லை எல்லார் முன்னாலும் வாசித்தார். குரல் நடுங்கியது, ஆனால் கடைசி வரி வரை வாசித்தார்.

மறுநாள் காலை மேல்நிலைத் தொட்டியின் தூணில் கரியால் எழுதியிருந்தது. 'பிடிஓ ஆபீஸில் ராத்திரி என்ன வேலை?' அதற்குக் கீழே அம்மா பெயர், இன்னொரு ஆளின் பெயர். பிடிஓ ஆபீஸ் ஐந்தே முக்காலுக்குப் பூட்டிவிடுவார்கள், அது எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. போர்வெல்லைப் பற்றியும் அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. ஊர் பேசியது தூணில் இருந்ததை மட்டும்தான்.

அப்பா அம்மாவை அடிக்கவில்லை. ஆனால் ஒரு வாரம் பேசவில்லை. அது அம்மாவுக்கு எவ்வளவு வலித்தது என்று எனக்குத் தெரியும். புகார் கொடுக்கப் போனோம். எழுதி வாங்கிக்கொண்ட ஆள், "இதெல்லாம் அரசியலில் சகஜம்மா, தண்ணி ஊத்திக் கழுவிடுங்க" என்றார். டேங்க் ஆபரேட்டர் அண்ணன்தான் சுண்ணாம்பு அடித்து மறைத்தார்.

திண்ணை ஐயா, எல்லார் மேலும் அழுக்கு தெறிக்கிறது என்றீர்கள். எங்கள் ஊரில் அம்மாவுக்கு முன்னால் இருந்த தலைவர் இரண்டு சின்ன வீடு வைத்திருந்தார். அது அவருக்கு மைனர் என்று பட்டம் வாங்கித் தந்தது. தேர்தலில் ஒரு ஓட்டும் குறையவில்லை. அம்மாவைப் பற்றி ஒரு பொய் போதுமாக இருந்தது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்த படம் வந்தபோது அம்மா அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்காவது நாற்காலி கொடுத்தாங்க" என்றார்.

மெல்பர்ன்வாசி எழுதியது:

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்தப் பில் என்ன ஆயிற்று?

கண்மாய்க்கரை எழுதியது:

அம்மா கடைசி வரை கையெழுத்துப் போடவில்லை. அளந்து பார்த்துத் திருத்திய பில் வந்த பிறகுதான் போட்டார்.

பனையோலை எழுதியது:

எங்கட இலங்கைப் பக்கமும் இதே கதைதான். 1960இல் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகத்தின் முதல் பெண் பிரதமரானபோது 'அழும் விதவை' என்று கிண்டல் செய்தவர்கள். தமிழராக அவருடைய ஆட்சிமேல் எனக்குப் பெரிய கோபம் உண்டு. அடுத்த வருடமே தனிச் சிங்களச் சட்டத்தை நடைமுறைப்படுத்தினதும், சத்தியாக்கிரகம் செய்த எங்கட ஆக்களை ராணுவத்தை விட்டு அடக்கினதும் மறக்கக்கூடியது இல்லை. அந்தக் கோபத்தைச் சொல்ல எனக்கு 'விதவை' என்ற சொல் தேவைப்படேல்லை.

கரிசல்மண் எழுதியது:

பனையோலை, இதைத்தான் நான் இரண்டு நாளாகச் சொல்ல முயன்றுகொண்டிருந்தேன்.

கண்மாய்க்கரை, நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒன்று புரிந்தது. உங்கள் அம்மா சொன்னபடி கையெழுத்துப் போட்ட வரைக்கும் தங்கமான பொம்பளை. போட மறுத்த அன்றுதான் நடத்தை கெட்டவர். அவருடைய நடத்தையில் அந்த ஒரு நாளில் என்ன மாறியது? பேனாவை மூடி வைத்தார், அவ்வளவுதான். அந்தக் கரி எழுத்துக்கு ஒரு வேலை இருந்தது. போர்வெல் ஆழத்தை மறைக்க வேண்டியிருந்தது.

திண்ணை ஐயா, ஒன்றைச் சுட்டிக்காட்டலாமா? வம்புக்காக அல்ல. உங்கள் முதல் பதிவை ஒருமுறை பாருங்கள். எம்.ஜி.ஆர் 'முதலமைச்சரானார்'. விஜயகாந்த் 'உட்கார்ந்தார்'. ஜெயலலிதா 'அந்தம்மா', 'கிழித்தெறிந்தது', 'விழ வைத்தது'. ஆறு முறை முதலமைச்சராகப் பதவியேற்றவருக்கு அஃறிணை விகுதி.

திண்ணைப்பேச்சு எழுதியது:

பார்த்தேன். எங்கள் பக்கம் பாசமாகவும் 'அது வந்துச்சு, இது போச்சு' என்று சொல்வோம், என் தாயாரைக்கூட அப்படிச் சொல்லியிருக்கிறேன் என்று ஒரு பதில் எழுதத் தொடங்கினேன். பிறகு எம்.ஜி.ஆருக்கு ஏன் அப்படி எழுதவில்லை என்று என்னையே கேட்டேன். பதில் இல்லை. நாற்பது வருடமாக அப்படித்தான் பேசி வந்திருக்கிறேன், ஒருமுறைகூடக் கவனித்ததில்லை. பதிவைத் திருத்தும் வசதி இருக்கிறது, ஆனால் திருத்தப் போவதில்லை. அப்படியே இருக்கட்டும், வருகிறவர்கள் பார்க்கட்டும்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். அரசியல் பேச்சு சூடாகத்தான் இருக்க வேண்டும், அதைப் போலீஸ் கையில் கொடுப்பதில் எனக்கு இன்னும் பயம் உண்டு. ஆளுங்கட்சி அதை வைத்து எதிராளியை உள்ளே போடும். ஆனால் அந்தத் தூணில் எழுதியதை அரசியல் சூடு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கண்மாய்க்கரை, அம்மா மறுபடியும் நிற்கிறார்களா?

கண்மாய்க்கரை எழுதியது:

தேர்தல் இன்னும் அறிவிக்கவில்லை ஐயா. எங்கள் ஊர் மறுபடி பெண்களுக்கு வருமா, பொதுவாகப் போகுமா என்பதும் தெரியாது. கேட்டால் அம்மா பதில் சொல்வதில்லை. போன வாரம் வாக்காளர் பட்டியலில் பெயர் சரியாக இருக்கிறதா என்று போனில் பார்க்கச் சொன்னார். பார்த்தேன், இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு அவரும் ஒருமுறை வாங்கிப் பார்த்தார்.